180-லிருந்து கழித்தால் போதுமா?

எங்கள் விருதுநகர் மாவட்டத்துச் சோழபுரத்திலும் சுற்றியுள்ள ஊர்களிலும் பிள்ளைகளின் கணக்குப் பாடத்தைப் பற்றிப் பேச்சு வந்தால், ஒரு கருத்தை மட்டும் யாரும் மறுத்துப் பேசி நான் கேட்டதில்லை. "ரெண்டு கோணமும் சேந்தா நூத்தியெம்பது. ஒண்ணு தெரிஞ்சா இன்னொண்ணு கழிச்சா வந்துரும். இதுக்குப் போயி எதுக்கு சார் எக்ஸு?" என்பார் தறி ஓட்டும் தகப்பனார். டியூசன் வாத்தியார் அதையே தொழில்முறையில் சொல்வார்: சமன்பாடு எழுதி நேரத்தைப் போக்காதே, நாலு விடை கொடுத்திருக்கிறான், ஒவ்வொன்றாகப் போட்டுப் பார், பொருந்துவதை ஷேடு பண்ணு. படித்து முடித்து நகரத்துக்குப் போய், கல்வியைப் பற்றி அங்கிருந்து எழுதுகிறவர் இன்னும் நயமாகச் சொல்வார்: குழந்தைகளைக் குறியீடுகளால் மிரட்டாதீர்கள், கையில் பாகைமானியைக் கொடுங்கள், காகிதத்தைக் கத்தரித்து ஒட்டிப் பார்க்கட்டும், வாழ்க்கைக்கு அது போதும்.

மூவரும் ஒரே வாக்கியத்தில் கைகோக்கிறார்கள். மிகைநிரப்புக் கோணத்தை, அதாவது சேர்ந்து 180 பாகை ஆகும் இரண்டு கோணங்களில் மற்றதை, கண்டுபிடிக்க இயற்கணிதம் தேவையில்லை. அதிலும் மில்லுக்கோ கம்பி வேலைக்கோ தையலுக்கோ போகப்போகிற பிள்ளைக்குத் தேவையே இல்லை. வாக்கியத்தின் முதல் பாதி பிழை. இரண்டாம் பாதி அதைவிட மோசம். இரண்டையும் தனித்தனியாக எடுத்துக்கொள்கிறேன்.

தகப்பனார் சொல்வதில் உண்மை எவ்வளவு என்று முதலில் பார்ப்போம். ஒரு நேர்கோடு, அதன்மேல் ஏதோ ஒரு புள்ளியிலிருந்து கிளம்பும் இன்னொரு கோடு. பள்ளிப் புத்தகம் இங்கே உண்டாகும் இரண்டு கோணங்களை நேரிய கோண இணை என்கிறது. அவை சேர்ந்து இரண்டு செங்கோணம் ஆகும் என்பதை யூக்ளிட் தம் முதல் புத்தகத்தில் 13-ஆவது தேற்றமாக வைத்தார். ஒரு பக்கம் 65 பாகை என்றால் மறுபக்கம் 115. இதற்கு "எக்ஸ் என்க" என்று தொடங்கி நாலு வரி எழுதச் சொல்லும் ஆசிரியர் இருந்தால், அவருக்கு எதிராகத் தகப்பனாரோடு சேர்ந்து நானும் நிற்பேன். கழித்தால் முடிகிற இடத்தில் சமன்பாடு வெறும் சடங்கு.

ஆனால் கழிக்க ஏதாவது ஒன்று கையில் இருக்க வேண்டுமே! "ஒரு கோணம் மற்றதன் இருமடங்கைவிட 30 பாகை குறைவு" என்று கேள்வி வந்தால் 180-லிருந்து எதைக் கழிப்பது? இரண்டு கோணமும் தெரியாது. தெரிந்தது அவற்றுக்கு நடுவே உள்ள உறவு மட்டும். சிறியதை எக்ஸ் என்று வைத்தால் பெரியது 2 எக்ஸ் − 30; கூட்டினால் 3 எக்ஸ் − 30 = 180; எக்ஸ் 70, மற்றது 110. டியூசனில் இதை வாயாலேயே போடுவார்கள்: "முப்பதைச் சேத்துக்கோ, மூணால வகு." இருநூற்றிப் பத்தை மூன்றால் வகுத்தால் 70. சரியான விடை, கண் இமைக்கும் நேரத்தில். பார்த்தீர்களா, எக்ஸ் இல்லாமலே வந்துவிட்டது என்பார்கள்.

வரவில்லை. எக்ஸைப் போட்டுச் சமன்பாட்டை முன்பே யாரோ தீர்த்துவிட்டார்; அவர் கடைசியில் செய்த இரண்டு வேலைகளை மட்டும் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். கேள்வியில் "குறைவு" என்பதை "அதிகம்" என்று ஒரு சொல் மாற்றிக் கேட்டுப் பாருங்கள். முப்பதைச் சேர்த்துப் பழகிய கை மறுபடியும் சேர்க்கும், மறுபடியும் 70 என்று எழுதும். சரியான விடை 50, 130. பிள்ளை ஏன் தவறினான் என்று அவனுக்கே தெரியாது, ஏனென்றால் ஏன் சேர்த்தோம் என்பது முதலிலேயே அவனிடம் சொல்லப்படவில்லை. உறவை எழுதத் தெரிந்தவனுக்கு இரண்டும் ஒரே கணக்கு. குறுக்குவழி கற்றவனுக்கு அவை இரண்டு தனிக் கணக்குகள், "மூன்று மடங்கு" என்று வந்தால் மூன்றாவது, "பாதி" என்று வந்தால் நான்காவது. மனப்பாடச் சுமையைக் குறைக்கத்தான் குறுக்குவழி என்கிறார்கள். கணக்குப் பார்த்தால் சுமை ஏறியிருக்கிறது.

கூடுதலும் வித்தியாசமும் தெரிந்தால் இரண்டையும் கூட்டிப் பாதியாக்கு, பெரியது கிடைக்கும் என்ற பிரபலமான சூத்திரமும் இப்படித்தான். இரண்டு மிகைநிரப்புக் கோணங்களின் வித்தியாசம் 40 என்றால் 220-இல் பாதி 110. இந்த விதி பாஸ்கராச்சாரியாரின் லீலாவதியிலேயே உண்டு. ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. பீஜகணிதம் என்று தனியாக ஒரு நூல் எழுதி, தெரியாத எண்களுக்கு நிறங்களின் பெயர்களை வைத்துச் சமன்பாடு அமைத்துக் காட்டினார். அவருக்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன், 628-இல், பிரம்மகுப்தரும் தெரியாத எண்ணைக் குறியால் எழுதிக் கணக்குப் போட்டிருக்கிறார். எக்ஸ் என்ற எழுத்து மட்டும்தான் தேக்கார்த்தின் 1637-ஆம் ஆண்டுப் புத்தகத்தின் வழியாக நமக்கு வந்தது. "இது வெள்ளைக்காரன் சரக்கு, நம் தாத்தாக்கள் வாயாலேயே போட்டார்கள்" என்பவர்களுக்கு இவ்வளவு போதும். தாத்தாக்கள் வாயால் போட்டது உண்மை. திண்ணைப் பள்ளியில் எண்சுவடியை உருப்போட்டவர்கள் அவர்கள். ஆனால் கணக்கதிகாரம் போன்ற நூல்களில் விதி செய்யுளாக வரும், காரணம் வராது. விதியை அறிந்தவர் கணக்கப்பிள்ளை ஆனார், மற்றவர்கள் அவர் சொன்ன தொகையைக் கேட்டுக்கொண்டார்கள். அந்த ஏற்பாட்டை நினைத்து ஏங்க என்ன இருக்கிறது என்று எனக்குப் புரிவதில்லை.

நான்கு விடைகளைப் போட்டுப் பார்க்கும் முறைக்கு வருகிறேன். இதை ஏளனம் செய்ய மாட்டேன். எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய்வழித் திறன் படிப்புதவித் தேர்வில் வென்ற பிள்ளைக்கு ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை மாதம் 1000 ரூபாய் கிடைக்கிறது. தறிக்கூலியில் ஓடும் வீட்டுக்கு அது பெரிய தொகை. அந்தத் தேர்வறையில் எந்த வழியில் வேகமாக விடை வருமோ அந்த வழியில் போடட்டும், தப்பே இல்லை. நான் கேட்பது வேறு: தேர்வறைத் தந்திரத்தை வகுப்பறைக் கல்வியாக எப்போது மாற்றினோம்?

கேள்வித்தாளில் இப்படி ஒன்று வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். "இரண்டு மிகைநிரப்புக் கோணங்கள் 2:3 என்ற விகிதத்தில் உள்ளன, அவற்றின் வித்தியாசம் 40 பாகை. கோணங்கள் எவை?" விடைகள்: (அ) 70, 110, (ஆ) 72, 108, (இ) 60, 120, (ஈ) 80, 100. வித்தியாசத்தை வைத்துச் சோதிப்பவன் (அ)வை ஷேடு பண்ணுவான். 110-இல் 70 போக 40, கூட்டினால் 180. விகிதத்தை வைத்துச் சோதிப்பவன் (ஆ)வை எடுப்பான். 72-உம் 108-உம் சரியாக 2:3. இருவரும் போட்டுப் பார்த்தவர்கள், இருவருக்கும் பொருந்தியிருக்கிறது. சமன்பாடு எழுதியவளுக்கு மட்டும் வேறொன்று தெரியும். 2 எக்ஸ் + 3 எக்ஸ் = 180 என்றால் எக்ஸ் 36. வித்தியாசமும் அதே எக்ஸ்தான், அதாவது 36. அது 40 ஆக வாய்ப்பே இல்லை. கேள்வி தப்பு.

இயற்கணிதத்தின் முழு மதிப்பும் எனக்கு இந்த இரண்டு சொற்களில் இருக்கிறது. கேள்வி கேட்டவரை நோக்கி, பெரியவரானாலும் அச்சிட்ட புத்தகமானாலும், "நீங்கள் சொன்ன இரண்டும் ஒன்றாக நிற்காது" என்று ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளை காரணத்தோடு சொல்லலாம். கழித்தலால் அது முடியாது, நான்கில் ஒன்றைப் பொறுக்கும் முறையால் நிச்சயம் முடியாது. பொறுக்குகிறவன் விடை அங்கே இருக்கிறது என்று நம்பித்தான் தொடங்குகிறான்.

இன்னும் இரண்டு கேள்விகள். "இரண்டு மிகைநிரப்புக் கோணங்களில் ஒன்று மற்றதைவிட 200 பாகை அதிகம்." போட்டால் எக்ஸ் −10 என்று வரும். சமன்பாடு ஒரு விடை தந்துவிட்டது, ஆனால் வரைய முடியாத கோணம். இப்படி ஓர் இணையே கிடையாது என்று அதைப் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும். அடுத்தது: "ஒரு குறுங்கோணத்தின் மிகைநிரப்புக் கோணம் அதன் நிரப்புக் கோணத்தைவிட (சேர்ந்தால் 90 ஆகும் கோணத்தைவிட) 90 பாகை அதிகம். அந்தக் கோணம் எது?" இதற்கு நான்கு விடை கொடுத்தால் நான்கும் பொருந்தும்! மிகைநிரப்பு 180 − எக்ஸ், நிரப்பு 90 − எக்ஸ். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் எக்ஸ் மறைந்து 90 மட்டும் நிற்கிறது. எந்தக் குறுங்கோணத்தை எடுத்தாலும் இது உண்மை என்பதை அந்த மறைவு சொல்கிறது. ஒரே விடை உண்டு, விடையே இல்லை, எல்லாமே விடை. கண்ணால் பார்த்தும் போட்டுப் பார்த்தும் இந்த மூன்றையும் பிரித்தறிய முடியாது. எழுதிப் பார்த்தால் மூன்றே வரி.

இனி பாகைமானிக்காரர். காகித முக்கோணத்தின் மூன்று மூலைகளையும் கிழித்து ஒரே இடத்தில் சேர்த்தால் நேர்கோடு வரும் என்று செய்து காட்டுவது அருமையான பாடம். எந்தப் பள்ளியிலும் அதிலிருந்துதான் தொடங்க வேண்டும். அங்கேயே நின்றுவிடலாம் என்பதுதான் எனக்கு ஒத்துவராதது. பத்துப் பிள்ளைகள் பத்து முக்கோணம் கிழித்தால், பத்து முக்கோணத்தைப் பற்றித் தெரிந்துகொண்டார்கள். அதிலும் அளந்து பார்த்தால் சிலருக்கு 179 வரும், சிலருக்கு 182 வரும். எது சரி என்று யார் சொல்வது?

அளப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் இந்தக் கேள்விக்கு என்ன செய்தார்கள் என்பதற்கு நம் மாநிலத்திலேயே பெரிய உதாரணம் இருக்கிறது. 1802-இல் வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு அளந்து தொடங்கிய முக்கோண நில அளவை, பின்னாளில் இமயம் வரை போனது. கோணம் அளக்கும் அவரது பெரிய தியோடலைட் கருவியின் எடை ஏறத்தாழ அரை டன். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேலே அதை ஏற்றும்போது மோதிப் பழுதாகிவிட, அவரே உட்கார்ந்து சீராக்கியிருக்கிறார். அப்படிப்பட்ட கருவியை வைத்துக்கொண்டும் அந்த அளவையில் இரண்டு கோணத்தை அளந்து மூன்றாவதை 180-லிருந்து கழித்து எழுதி வேலையை முடித்துவிடவில்லை. இயன்ற இடத்தில் மூன்றையும் அளந்தார்கள். பூமி உருண்டை என்பதால் பெரிய முக்கோணத்தில் 180-க்குச் சற்றுக் கூடுதலாக வரும், அதற்கும் கணக்குப் போட்டுக் கழித்தார்கள். அப்புறமும் மீதி இருந்தால் அது அளந்தவர் பிழை. அதை மூன்று கோணங்களுக்கும் பங்கிட்டார்கள். அளவு உறவைச் சோதிக்கவில்லை. உறவுதான் அளவைச் சோதித்தது. பாகைமானியை மட்டும் கையில் கொடுத்து உறவை எழுதக் கற்றுத்தராத பள்ளி, பிள்ளையை அளக்க விட்டுவிட்டு, அளந்தது சரியா என்று பார்க்கும் வழியைப் பிடுங்கிக்கொள்கிறது.

கொஞ்சம் நம் பக்கத்துக்கு வருவோம். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத்துக்கு ஆண்டாள் தேர் ஓடும். தேர் நேராக ஓடுவதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. முக்குத் திரும்புவதைத்தான் பார்க்கக் கூட்டம் நிற்கும். முட்டுக்கட்டை போடுகிறவர்கள் சக்கரத்துக்கு அடியில் கட்டையைக் கொடுத்துக் கொடுத்துத்தான் அவ்வளவு பெரிய தேரைத் திருப்புகிறார்கள். இரண்டு வீதிகள் சந்திக்கும் முக்கில் உள்கோணம் 84 பாகை என்று வைத்துக்கொள்வோம். தேர் எவ்வளவு திரும்ப வேண்டும்? 84 அல்ல. நேராகப் போயிருந்தால் போயிருக்கும் திசையிலிருந்து அடுத்த வீதியின் திசைக்கு, அதாவது 96. தேர் திரும்பும் கோணம் வீதி முக்கின் மிகைநிரப்புக் கோணம்.

தேர் நிலைக்கு வந்து, புறப்பட்ட திசையிலேயே மறுபடி நிற்கிறது. வழியில் எத்தனை முக்கு, ஒவ்வொன்றும் எவ்வளவு கோணல் என்று எனக்குத் தெரியாமல் இருக்கலாம். மொத்தத்தில் அது ஒரு முழுச் சுற்று, 360 பாகை, திரும்பியிருக்கிறது. மூன்று முக்கில் 88, 93, 91 என்று திரும்பியிருந்தால் நான்காவதில் 88 திரும்பியே ஆகவேண்டும். அந்த முக்கின் உள்கோணம் 92. இங்கேயும் கழித்தல்தானே என்பீர்கள். சரி, எண்ணை விட்டுவிடுவோம். ஏதோ ஓர் ஊர், ஏதோ ஒரு கோயில், முக்குகளின் எண்ணிக்கை 'என்' (n) என்று வைப்போம். ஒவ்வொரு முக்கிலும் திரும்புவது 180-லிருந்து உள்கோணத்தைக் கழித்தது. எல்லாவற்றையும் கூட்டினால், என் தடவை 180, அதிலிருந்து உள்கோணங்களின் மொத்தம் போக, 360. ஆகவே உள்கோணங்களின் மொத்தம் 180 என் − 360. மூன்று முக்கு என்றால் 180, நான்கு என்றால் 360, ஐந்து என்றால் 540. பத்தாம் வகுப்புவரை பிள்ளைகள் உருப்போடும் பலகோணச் சூத்திரம் முழுதும் ஒரு தேரோட்டத்தில் இருக்கிறது. அதை வெளியே எடுக்க ஓர் எழுத்து தேவைப்பட்டது, ஏனென்றால் எல்லா ஊர்த் தேரையும் யாரும் அளந்து வர முடியாது. (ஏதாவது ஒரு முக்கில் தேர் எதிர்ப்பக்கம் திரும்பவேண்டிய அமைப்பு இருந்தால் அங்கே உள்கோணம் 180-ஐத் தாண்டும், திரும்பும் கோணம் கழித்தல் குறியோடு வரும், சூத்திரம் அப்படியே நிற்கும். முன்னே அபத்தமாக வந்த கழித்தல் குறி இங்கே பொருளோடு வருகிறது. எப்போது எது என்று சொல்வது சமன்பாட்டின் வேலை அல்ல, படிப்பவரின் வேலை.)

உழைப்புக்குப் போகிற பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்ற பாதி இன்னும் மிச்சம். சுற்றுவட்டாரத்தில் என்ன வேலை என்று எல்லோருக்கும் தெரியும். இராஜபாளையத்தில் நூற்பாலை, சத்திரப்பட்டியில் மருத்துவத் துணி, தளவாய்புரத்தில் நைட்டித் தையல், எங்கும் கட்டட வேலை. கட்டடத்தையே எடுத்துக்கொள்கிறேன், கோணம் அங்கே கையில் தட்டுப்படும்.

கான்கிரீட் தளத்துக்குக் கம்பி கட்டுகிறவர்கள் சில கம்பிகளை ஓரத்துக்குக் கொஞ்சம் முன்னால் மேல்நோக்கி வளைத்துவிடுவார்கள்; கிராங்க் என்பார்கள். பெரும்பாலும் 45 பாகை. நேர்க்கம்பியிலிருந்து 45 வளைத்தால் கம்பியின் உள்பக்கம் நிற்கும் கோணம் 135. ஒருவர் 45 என்றும் இன்னொருவர் 135 என்றும் சொல்லி இருவரும் ஒரே வளைவைப் பேசுவார்கள். அவை மிகைநிரப்புக் கோணங்கள் என்று தெரியாவிட்டால் சண்டை. சரி, இது கழித்தல் கணக்கு, விட்டுவிடலாம். கம்பியை எவ்வளவு நீளம் கூடுதலாக வெட்ட வேண்டும்? எழும்பும் உயரத்தை 0.42-ஆல் பெருக்கு என்று மேஸ்திரிகள் சொல்வார்கள். எங்கிருந்து வந்தது 0.42? 45 பாகையில் சாய்ந்த கம்பி, உயரம் எவ்வளவோ அவ்வளவு கிடைத்தூரம் போகும். சாய்வு நீளம் உயரத்தின் 1.414 மடங்கு. கிடைத்தூரம் கம்பியின் கணக்கில் ஏற்கெனவே இருக்கிறது, அதைக் கழித்தால் 0.414, கொஞ்சம் கூட்டி 0.42. இப்போது வரைபடத்தில் 30 பாகை என்று வந்தால்? சாய்வு 2 மடங்கு, கிடை 1.732 மடங்கு, மீதி 0.268. உயரத்தை ஓர் எழுத்தாக வைத்து ஒருமுறை எழுதிப் பார்த்தவருக்கு இது இரண்டு நிமிட வேலை. 0.42-ஐ மட்டும் உருப்போட்டவர் 30-க்கும் 0.42 போடுவார், ஒவ்வொரு கம்பியிலும் இரும்பு வீணாகும், இல்லையென்றால் சைட் இன்ஜினியர் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்.

நன்றாகக் கம்பி கட்டுகிறவர்களில் பலர் ஒரு வரி சமன்பாடு எழுதாதவர்கள் என்பது எனக்குத் தெரியும். அவர்கள் கை நுட்பத்துக்கு முன்னால் நம் படிப்பு ஒன்றுமில்லை. ஆனால் கூலியைத் தீர்மானிக்கும் கம்பி அட்டவணையை யார் போடுகிறார்? கம்பியைத் தொடாத ஒருவர். அந்த அட்டவணையைப் பார்த்து "இது ஒத்துவராது" என்று சொல்ல முடிந்தவர் மேஸ்திரி ஆகிறார், ஒப்பந்தம் எடுக்கிறார். முடியாதவர் அதே இடத்தில் நிற்கிறார். "உழைக்கிற பிள்ளைக்கு எக்ஸ் எதற்கு" என்று கேட்பவர், அந்தப் பிள்ளை கடைசிவரை அடுத்தவர் போட்ட அட்டவணைக்குக் கம்பி வெட்டுவான் என்று முன்கூட்டியே முடிவுசெய்துவிட்டுத்தான் கேட்கிறார்.

இது புதிய யோசனையா என்றால், இந்த மாநிலம் ஒருமுறை இதை அரசுத் திட்டமாகவே பார்த்துவிட்டது. 1953-இல் ராஜாஜி அரசு கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தில் கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளி அரைநாள்தான். மீதி நேரம் வீட்டில் பெற்றோர் செய்யும் தொழிலைக் கற்க வேண்டும். குலக்கல்வி என்று பெயர் வாங்கி, பெரும் எதிர்ப்பைச் சந்தித்து, 1954-இல் காமராஜர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. பள்ளிப்படிப்பை இடையில் விட்டுக் கடையில் வேலை பார்த்த விருதுநகர்ப் பிள்ளை அவர். அந்தத் திட்டத்துக்கு ஆதரவாகப் பேசியவர்கள் யாரும் பிள்ளைகள் கெட்டுப்போகட்டும் என்று சொல்லவில்லை. வாழ்க்கைக்குப் பயன்படும் கல்வி, கைத்தொழில், நடைமுறை அறிவு என்றுதான் சொன்னார்கள். இன்றைக்கு அதே மாவட்டத்தில் அதே சொற்களை எக்ஸுக்கு எதிராகச் சொல்கிறோம், பெற்றோரே சொல்கிறோம். நகரத்துக் கட்டுரையாளர் தம் பிள்ளைக்கு ஐ.ஐ.டி. பயிற்சிக்குப் பணம் கட்டிவிட்டு வந்து சோழபுரத்துப் பிள்ளைக்குப் பாகைமானி போதும் என்று எழுதும்போது மட்டும் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும்.

அமெரிக்காவிலும் இந்த வழக்கு நடந்தது. 2012-இல் ஆண்ட்ரூ ஹேக்கர் என்ற அரசியலறிஞர் நியூயார்க் டைம்ஸில் இயற்கணிதம் அவசியமா என்று கேட்டு எழுதினார். பிள்ளைகள் அதில் தோற்றுப் பள்ளியை விட்டே போகிறார்கள், பெரும்பாலான வேலைகளில் அது பயன்படுவதும் இல்லை, ஏன் எல்லோர்மேலும் சுமத்த வேண்டும் என்பது அவர் வாதம். இதற்கான பதிலை அவருக்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் சொல்லிவிட்டார். ராபர்ட் மோசஸ் 1960-களில் மிசிசிப்பியில் கறுப்பின மக்களை வாக்காளர் பட்டியலில் சேர்க்க உயிரைப் பணயம் வைத்து உழைத்தவர். 1982-இல் அவர் தொடங்கியது இயற்கணிதத் திட்டம். வாக்குரிமைக்குப் போராடியவர் பின்னர் எட்டாம் வகுப்பு இயற்கணிதத்துக்கு வந்தார்; ஏழைப் பிள்ளைகளை மேல்படிப்பிலிருந்து வடிகட்டும் கதவு அதுதான் என்று கண்டார். தோற்கிறார்கள், ஆகவே எடுத்துவிடு என்றார் ஹேக்கர். தோற்கிறார்கள், ஆகவே நன்றாகக் கற்றுக்கொடு என்றார் மோசஸ். இரண்டும் ஒரே உண்மையிலிருந்து புறப்பட்டவைதான். பிள்ளைகளை நம்பியவர் யார் என்பதில்தான் வித்தியாசம்.

எதிர்த்தரப்பு சொல்வதில் ஒன்றை முழுதாக ஏற்றுக்கொள்கிறேன்: இந்தப் பாடத்தை நாம் நடத்தும் விதம் சகிக்காது. படத்தில் ஒரு கோணத்துக்கு 5 எக்ஸ் − 13 என்றும் பக்கத்துக் கோணத்துக்கு 2 எக்ஸ் + 4 என்றும் எழுதிவைத்தால் ஏன் அப்படி, யார் எழுதினார்கள் என்று எந்தப் பிள்ளையும் கேட்பதில்லை. கேட்டால் பதிலும் கிடையாது. "எக்ஸ் என்க" என்ற வரியை விட்டால் அரை மதிப்பெண் போச்சு. ஒரே மாதிரி நாற்பது கணக்கு, எல்லாவற்றுக்கும் முழு எண்ணில் அழகான விடை, எந்தக் கணக்கும் தப்பாக இருக்காது என்ற உத்தரவாதம். இப்படி நடத்தினால் எக்ஸ் மேல் வெறுப்பு வராமல் என்ன செய்யும்? ஆனால் சமையல் சரியில்லை என்பதற்காகச் சோற்றையே நிறுத்திவிடுவார்களா?

கடைசியாக, செல்போன். கணக்கைப் படம் பிடித்தால் வரிவரியாகத் தீர்த்துக் காட்டும் செயலிகள் வந்துவிட்டன, இனி எதற்குக் கையால் என்று கேட்கிறார்கள். எனக்கு இதில் வருத்தமில்லை. தீர்க்கும் வேலையைக் கருவி எடுத்துக்கொண்டால் நாற்பது கணக்கை எட்டாகக் குறைக்கலாம். மிச்சமாகும் நேரத்தில், இதுவரை வகுப்பில் இடமே கிடைக்காத வேலையைச் செய்யலாம். தேர் முக்கையும் கம்பி வளைவையும் பார்த்துப் பிள்ளைகளே சமன்பாடு அமைக்கட்டும். ஒருவருக்கொருவர் கேள்வி எழுதிக் கொடுத்து, அதற்கு ஒரு விடையா, பல விடையா, விடையே இல்லையா என்று வாதாடட்டும். டியூசன் வாத்தியாருக்கும் ஒரு யோசனை: வாராவாரம் வைக்கும் தேர்வில் பத்துக்கு ஒரு கேள்வியை, மேலே நான் காட்டிய 2:3 கணக்கைப் போல, வேண்டுமென்றே ஒத்துவராத கேள்வியாக வையுங்கள். எது என்று முன்கூட்டிச் சொல்லாதீர்கள். அந்தக் கேள்விக்கு விடை எழுதியவருக்குப் பூஜ்யம். இது நிற்காது என்று எழுதி, ஏன் என்று இரண்டு வரியில் காட்டியவருக்கு முழு மதிப்பெண்.